முனிச் நகரத்து இரவுகள்

ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் எவரையும் நம் ஊர்களில் மூன்று கேள்விகள் வரவேற்கின்றன. குளிர் தாங்க முடிந்ததா என்பது முதலாவது. சோறு கிடைத்ததா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி மட்டும் சற்றுத் தாழ்ந்த குரலில் வரும். "அங்கே பொழுது சாய்ந்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிறார்களாமே, மெய்தானா?"

கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டுக்கும் தேவதானப்பட்டிக்கும் இடையே உள்ள எங்கள் கெங்குவார்பட்டியில் இக்கேள்வியைக் கேட்பவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் இளைஞர். அவர்கள் கேள்வியில் ஆவல் இருக்கிறது. மற்றொரு வகையினர் பெற்றோர். அவர்கள் கேள்வியில் அச்சம் இருக்கிறது. மகனோ மகளோ மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு விண்ணப்பித்திருக்கும் வீடுகள் இன்று நம் சிற்றூர்களிலும் உள்ளன. அந்த அச்சத்தை வெறும் நாட்டுப்புறத்தார் பயம் என்று தள்ளிவிட முடியாது. மது எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பதைத் தம் தெருவிலேயே கண்டவர்களின் அச்சம் அது.

ஆதலின் முனிச் நகரில் மாலை மயங்கிய பின் என்னதான் நடக்கிறது என்பதை, மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் எழுத வேண்டும் என்று எண்ணினேன். பாரிஸையோ லண்டனையோ விட்டு முனிச்சைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உலகத்திலேயே பீருக்குப் பேர் போன நகரம் அது. அதே வேளையில், தெருவுக்குத் தெரு கத்தோலிக்கக் கோயில்கள் நிறைந்த நகரமும் அதுவே.

துறவிகள் பெயர் தாங்கிய ஊர்

முனிச் என்று நாம் வழங்கும் நகரை அந்நாட்டார் மியூன்ஷென் என்பர். 1158ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இவ்வூர்ப் பெயர் முதன்முதலாக வருகிறது. "துறவிகள் இருக்கும் இடம்" என்பதே அதன் பொருள். இன்றும் நகரச் சின்னத்தில் கறுப்பு அங்கி அணிந்து கையில் புத்தகம் ஏந்திய துறவி ஒருவர் நிற்கிறார். காலப்போக்கில் அவரே குழந்தை உருவம் பெற்று, "முனிச் குழந்தை" என்னும் செல்லப்பெயரோடு பீர்க் குவளைகளிலும் காட்சி தருகிறார்.

துறவியும் பீர்க் குவளையும் சேர்ந்திருப்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். அந்நாட்டு வரலாற்றில் இஃது இயல்பானதே. திராட்சை நன்கு விளையாத குளிர்ப் பகுதிகளில் வாற்கோதுமையிலிருந்து வடித்த பீர்தான் அன்றாடப் பானம். அசுத்தமான நீரைவிடக் கொதிக்க வைத்து வடித்த பானம் உடலுக்குத் தீங்கு குறைவானதாகவும் இருந்தது. மடங்கள் தமக்கும் வழிப்போக்கருக்குமாக அதைக் காய்ச்சின. அகுஸ்தீன் சபைத் துறவிகள் மடத்தில் 1328ஆம் ஆண்டு முதல் நடந்ததாகக் குறிக்கப்படும் வடிப்பாலை, "அவ்குஸ்டீனர்" என்னும் பெயரில் இன்றும் இயங்குகிறது. 1803இல் அரசு மடங்களின் சொத்துக்களைப் பறித்துக்கொண்டபோது அது துறவிகள் கையை விட்டுப் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது.

"பவுலானர்" என்னும் மற்றொரு புகழ்பெற்ற பெயரும் ஒரு மடத்திலிருந்து வந்ததே. பவுலா ஊர்ப் புனித பிரான்சிசின் சபையினர் முனிச்சின் புறநகரில் வாழ்ந்தனர். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாத கடுந்தவம் அவர்களுடையது. தவக்காலத்தில் திட உணவு குறையும்போது உடலைத் தாங்குவதற்கென்று சத்து மிகுந்த, கனமான பீரை அவர்கள் காய்ச்சினர். "நீர்ப்பொருள் நோன்பை முறிக்காது" என்பது அக்காலத்து வழக்கு. இன்றும் தவக்காலத்தில் அந்தக் கனத்த பீருக்கென விழா நடக்கிறது. நாட்டின் தலைவர்கள் முன்வரிசையில் அமர, மேடையில் நிற்பவர் அவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்வார். அதைச் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பதுதான் அங்கே அரசியல்வாதிக்கு மரியாதை. நோன்பிருக்க வந்த பானம் விழாப் பானமாக மாறியதைக் கண்டு அந்தத் துறவிகள் என்ன சொல்வார்களோ, தெரியவில்லை.

பீர் பற்றி அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டமும் பழமையானது. 1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பவேரியக் கோமகன்கள் இருவர் இங்கோல்ஷ்டாட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கலாகாது. விலையும் குறித்த வரம்பைத் தாண்டலாகாது. குடிப்பவன் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்பது அரசின் பொறுப்பு என்னும் எண்ணம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேரூன்றிவிட்டது.

செஸ்ட்நட் மர நிழலில்

முனிச்சின் மாலையைக் காண விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் "பீர்த் தோட்டம்". பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பெரிய தோப்பு. சரளைக்கல் பரப்பிய தரை. வரிசை வரிசையாக நீண்ட மர மேசைகளும் பெஞ்சுகளும். தலைக்கு மேல் அடர்ந்த செஸ்ட்நட் மரங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து மாந்தோப்பில் திருவிழாச் சாப்பாட்டுக்கு மேசை போட்டது போன்ற காட்சி. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய அவ்குஸ்டீனர் தோட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அமரலாம்.

இத்தோட்டங்கள் தோன்றிய கதை சுவையானது. கோடையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சினால் தீ விபத்து நேரும் என்பதால், செப்டம்பர் 29 புனித மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள் வரையில் மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று பதினாறாம் நூற்றாண்டில் விதித்தனர். கோடைக்கான பீரை முன்கூட்டியே காய்ச்சி நிலவறைகளில் சேமித்தனர். நிலவறை குளிர்ந்திருக்க மேலே சரளைக்கல் பரப்பி, அகன்ற இலையும் ஆழமில்லாத வேரும் உடைய செஸ்ட்நட் மரங்களை நட்டனர். நிழல் விழுந்தது, மக்கள் வந்து அமர்ந்தனர், வடிப்போர் அங்கேயே விற்றனர்.

உணவுக்கடைக்காரர்கள் இதனால் தங்கள் பிழைப்புப் போகிறது என்று முறையிட்டனர். 1812இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசேப்பு இரு சாராரும் வாழ வழி செய்து தீர்ப்பளித்தார். வடிப்போர் தம் தோட்டத்தில் பீரும் ரொட்டியும் விற்கலாம். வேறு உணவு விற்கக் கூடாது. அப்படியானால் பசித்தவர் என்ன செய்வது? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தனர். வேறு உணவு விற்கக் கூடாது என்ற தடை பின்னர் மறைந்துவிட்டது. கட்டுச்சோறு கொண்டு வரும் உரிமை மட்டும் இன்றுவரை மறையவில்லை. 1999ஆம் ஆண்டின் பவேரிய அரசு விதியும் அதை உறுதிப்படுத்துகிறது.

ஆகவே மாலை ஆறு மணிக்கு அத்தோட்டத்தில் நீங்கள் காண்பது இதுதான். தாய் கூடையைத் திறந்து துணி விரிக்கிறாள். ரொட்டி, பாலாடைக்கட்டி, திருகித் திருகிச் சீவிய வெள்ளை முள்ளங்கி, சிவப்புத் தக்காளி எல்லாம் வெளியே வருகின்றன. தந்தை குவளைகளை வாங்கி வருகிறார். பாட்டி பேரனை மடியில் வைத்திருக்கிறாள். குழந்தைகள் ஓரத்திலுள்ள ஊஞ்சலுக்கு ஓடுகின்றன. அதே மேசையின் மறுகோடியில் முன்பின் அறியாத நான்கு மாணவர்கள் அமர்கிறார்கள். ஜூன் மாதமாயின் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. குடிப்பவர் யாரும் ஒளிவதில்லை. குடியாதவரை யாரும் கேலி செய்வதுமில்லை.

அந்த மேசையைக் கண்டபோது எனக்குப் புலப்பட்டது ஒன்று. அங்கே மையமாக இருப்பது குவளையன்று, மேசைதான். உணவும் உரையாடலும் குடும்பமும் இருக்கும் இடத்தில் பானம் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அவை இல்லாத இடத்தில் பானம் மட்டுமே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பயணி அறிய வேண்டிய ஒழுங்குகள்

முனிச்சுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சில வழக்கங்களை அறிந்து செல்வது நல்லது.

மேசையில் துணி விரித்திருந்தால் அது பணியாளர் வந்து பரிமாறும் பகுதி. அங்கே வெளி உணவு கூடாது. துணியில்லாத மேசை அனைவருக்கும் உரியது. காலியிடம் இருப்பின் "இங்கே அமரலாமா?" என்று கேட்டுவிட்டு அந்நியரோடு சேர்ந்து அமரலாம். உணவகங்களில் "ஷ்டாம்டிஷ்" என்று பலகை வைத்த மேசையில் மட்டும் அமரக் கூடாது. அது ஆண்டுக்கணக்காக வரும் வாடிக்கையாளர் குழுவுக்கு உரியது.

"மஸ்" என்பது முழு ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குவளை. புதியவர் அதன் பருமனைக் கண்டு மயங்கி, இரண்டு மூன்று என்று போட்டியிட்டால் அவமானமே மிஞ்சும். பாதி பீரும் பாதி எலுமிச்சைச் சோடாவும் கலந்ததை "ராட்லர்" என்பர். மது வேண்டாதவர் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த "ஆப்ஃபெல்ஷோர்லெ" கேட்கலாம். அந்தத் தங்க நிறப் பானம் எதிரில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார் யாருமில்லை.

இங்கே ஒரு சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். மது விற்கும் எந்த உணவகமும், மதுவற்ற பானம் ஒன்றையேனும், தன்னிடமுள்ள மிக மலிவான மதுபானத்தைவிடக் கூடுதல் விலைக்கு விற்கக் கூடாது என்பது ஜெர்மானிய உணவகச் சட்டத்தின் விதி. மக்கள் இதை "ஆப்பிள் சாற்று விதி" என்று அழைக்கின்றனர். பணமில்லாத இளைஞன், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பீரை நாடக் கூடாது என்ற நோக்கம் அதில் தெரிகிறது.

வயது வரம்பும் உண்டு. பீரும் திராட்சை மதுவும் பதினாறு வயதுக்கு முன் தனியே வாங்க முடியாது. கடும் மதுவகைகள் பதினெட்டுக்கு முன் முடியாது. வாகனம் ஓட்டுவோர்க்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்ககால் என்பதே எல்லை. இருபத்தொரு வயது நிறையாதவரும் புதிதாக உரிமம் பெற்றவரும் ஒரு துளியும் அருந்திவிட்டு ஓட்டக் கூடாது. எனவே தோட்டத்துக்கு வருவோர் பலர் டிராமிலும் சுரங்க ரயிலிலும் வருகின்றனர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி மணி என்று ஒன்று இருக்கிறது. பீர்த் தோட்டங்களில் பத்து மணிக்கு இசை நிற்கும். பத்தரைக்குப் பிறகு குவளை கிடைக்காது. பதினொரு மணிக்கு மூடப்படும். இந்த எல்லை எளிதில் வந்ததன்று. 1995இல் ஒரு தோட்டத்தை அக்கம்பக்கத்தார் முறையீட்டின்பேரில் ஒன்பதரை மணிக்கே மூட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் நகர மையத்தில் திரண்டு எதிர்த்தனர். உறங்க வேண்டியவரின் உரிமைக்கும் கூடியிருக்க விரும்பியவரின் உரிமைக்கும் இடையே பல ஆண்டு வழக்காடி எட்டிய சமரசமே இந்தப் பதினொரு மணி.

இரவு விடுதிகளும் நடன அரங்குகளும் முனிச்சில் இல்லாமல் இல்லை. விடியும்வரை அவை இயங்கும். ஆயினும் பெரிய வெள்ளியன்று பவேரியா முழுவதிலும் நடனத்துக்குத் தடை உண்டு. மது பரிமாறும் இடங்களில் இசையும் ஒலிக்கக் கூடாது. வேண்டாம் என்று வாதிடுவோர் அங்கேயும் இருக்கின்றனர். விதி இன்னும் நீடிக்கிறது.

மாலை நடை

குவளைக்கு அப்பாலும் அந்நகரின் மாலை விரிகிறது. 1972 ஒலிம்பிக் போட்டிகளையொட்டி நகரின் நடுத்தெருவில் வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்க்கே அதை ஒதுக்கினர். இரவு எட்டு மணிக்குக் கடைகள் மூடுகின்றன. ஞாயிறன்று திறப்பதே இல்லை. மக்கள் காற்று வாங்கிக்கொண்டு நடக்கின்றனர்; தெருமுனையில் ஒருவர் வயலின் வாசிக்கிறார்.

அத்தெரு மரியன்பிளாட்ஸ் என்னும் அன்னை மரியாவின் சதுக்கத்தில் போய் முடிகிறது. நடுவே உயர்ந்த தூணின் மேல் பொன்முலாம் பூசிய அன்னையின் உருவம். முப்பதாண்டுப் போரில் சுவீடன் படை நகரைப் பிடித்தும் அழிக்காமல் விட்டதற்கு நன்றியாக 1638இல் எழுப்பப்பட்டது அத்தூண். எதிரேயுள்ள நகரமன்றக் கோபுரத்தில் 1908 முதல் 43 மணிகள் இசைக்க, ஆளுயரப் பொம்மைகள் சுற்றி வருகின்றன. கீழ்த்தட்டில் ஆடுவோர் பீப்பாய் செய்யும் தொழிலாளர். கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டினுள் முடங்கிய மக்களை வெளியே அழைக்க அவர்கள் தெருவில் இறங்கி ஆடினர் என்பது செவிவழிக் கதை.

பகல் நேரத்து ஆட்டத்தைக் காணக் கூட்டம் முண்டியடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு நடப்பதைச் சிலரே அறிவர். கோபுரத்தின் சிறு மாடம் ஒன்றில் விளக்கேந்திய இரவுக் காவலன் வெளிப்படுகிறான். மற்றொரு மாடத்தில் வானதூதர் ஒருவர் முனிச் குழந்தைக்கு ஆசி வழங்கி உறங்க அனுப்புகிறார். பீருக்குப் பேர் போன நகரம் தன் குழந்தையை ஒன்பது மணிக்கே தூங்க வைக்கிறது!

கூடத்தின் மறுபக்கம்

நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும். முனிச்சின் பீர்க் கூடங்களுக்கு இருண்ட வரலாறும் உண்டு.

1589இல் கோமகன் ஐந்தாம் வில்லியம் நிறுவிய "ஹோஃப்பிராய்ஹவுஸ்" உலகப் பயணிகள் தவறாமல் நுழையும் கூடம். பழைய வாடிக்கையாளர்கள் தம் குவளைகளைப் பூட்டி வைத்திருக்கும் இரும்புத் தட்டுகளை அங்கே இன்றும் காணலாம். அந்தக் கட்டடத்தின் மாடியரங்கில்தான் 1920 பிப்ரவரி 24ஆம் நாள் ஹிட்லர் தம் கட்சியின் கொள்கைகளை அறிவித்தார். 1923 நவம்பர் 8ஆம் நாள் இரவு "பியூர்கர்பிராய்கெல்லர்" என்னும் மற்றொரு கூடத்தில் துப்பாக்கியோடு புகுந்து அவர் ஆட்சியைப் பிடிக்க முயன்றதும் பள்ளிப் பாடங்களில் இடம்பெற்ற செய்தி. மனிதர் கூடும் இடத்தில் அன்பும் பிறக்கலாம், வெறுப்பும் பிறக்கலாம். மயங்கிய கூட்டத்தில் வெறுப்பு விரைவாகப் பரவும்.

ஆனால் அதே கூடங்களுக்குள் வேறொருவரும் நுழைந்தார். அவர் இயேசு சபைக் குரு ருப்பெர்ட் மாயர். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு ஆன்மப்பணி செய்கையில் இடக்காலை இழந்தவர். போருக்குப் பின் அரசியல் கூட்டங்கள் நடந்த பீர்க் கூடங்களுக்குத் தேடிச் சென்று, மாறுபட்ட கருத்தை எழுந்து நின்று சொல்வது அவர் வழக்கம். 1923இல் பியூர்கர்பிராய்கெல்லரில், "ஒரு கத்தோலிக்கன் நாட்சி ஆக முடியுமா?" என்ற கேள்விக்கு, முடியவே முடியாது என்று நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் விடை பகர்ந்தார். கூட்டம் கூச்சலிட்டது. அவர் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர்ச் சிறையும் சாக்சன்ஹவுசன் முகாமும் அவருக்குக் கிடைத்தன. விடுதலை பெற்று, 1945 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று, மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கையிலேயே சரிந்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முனிச்சுக்கே வந்து அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

அவர் கல்லறை நடுத்தெருவிலுள்ள பியூர்கர்சால் கோயிலின் கீழ்த்தளத்தில் உள்ளது. கடைவீதியிலிருந்து பையோடு வருகிறவர், வேலை முடிந்து வருகிறவர் என்று பலரும் நுழைந்து ஒரு நிமிடம் நின்று செல்கின்றனர். சற்றுத் தொலைவிலேயே அவ்குஸ்டீனரின் பழைய உணவகம். இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான். முனிச்சின் இரவை அறிய விரும்புகிறவர் இரண்டு வாயில்களிலும் நுழைந்து பார்க்க வேண்டும்.

விழாவும் அதன் விலையும்

செப்டம்பர் பின்பகுதியில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும் "அக்டோபர் விழா" பற்றிப் பலரும் கேட்பர். 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரேசாவை மணந்தபோது ஊர்ப்புறத்து வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்த வெளி இன்றும் "தெரேசா புல்வெளி" எனப்படுகிறது. அதுவே வளர்ந்து இன்று ஆண்டுதோறும் அறுபது இலட்சம் மக்கள் வரை திரளும் விழாவாயிற்று. இராட்டினக்காரர்களுக்கும் விழாத் தொழிலாளர்க்குமாகக் கூடாரம் ஒன்றில் திருப்பலியும் நடைபெறுவது பலர் அறியாத செய்தி.

ஆயினும் விழாவின் பின்மாலையைக் காண்பவர் கண்ணில் மற்றொன்றும் படும். புல்மேட்டில் நினைவிழந்து கிடப்போர், முதலுதவிக் கூடாரத்தில் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டோர், அழுதுகொண்டே தோழியைத் தேடும் இளம்பெண். ஒழுங்கு மிகுந்த நாட்டிலும் மது தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறிவிட்டது. ஜெர்மானியரிடையேயும் பீர் அருந்துவது ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. மதுவற்ற பீர் பெருகுகிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் முனிச் மத்திய ரயில் நிலையத்துக்கு அருகில் மதுவே இல்லாத பீர்த் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. மரம் இருந்தது, மேசை இருந்தது, இசை இருந்தது. ஆல்ககால் மட்டும் இல்லை.

மது விடுதிகளுக்குப் பேர் போன மற்றொரு கத்தோலிக்க நகரமாகிய டப்ளினிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1898இல் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன், வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடாதிருக்க உறுதி பூண்டோர் சங்கத்தை அங்கே தொடங்கினார். திரு இருதய ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு நண்பர்களோடு விடுதியில் அமர்ந்து, எலுமிச்சைப் பானம் அருந்தியபடியே பாட்டுப் பாடி மகிழ்ந்த அயர்லாந்துக்காரர் எண்ணற்றோர். விலகியிருப்பதற்காக வீட்டுக்குள் முடங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவர்கள் காட்டினர்.

நம் பள்ளத்தாக்கின் மாலைகள்

இனி நம் பக்கம் திரும்புவோம். கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை விளையும் பூமி. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் பன்னீர்த் திராட்சை, ஆண்டு முழுவதும் இங்கே காய்க்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அன்னை மரியா கவலைப்பட்டதை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். படைப்பின் கொடைகளை வெறுக்கத் திருச்சபை நமக்குக் கற்பிக்கவில்லை. அளவு மீறி அவற்றுக்கு அடிமையாவதையே கண்டிக்கிறது.

தமிழகத்தின் மது வரலாறோ வேறு வகையானது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் கடைகள் மூடப்பட்டு, 1981இல் மறுபடி திறக்கப்பட்டன. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மூடுவதும் திறப்பதுமாக எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இடையில் கள்ளச்சாராயம் எத்தனை உயிர்களைக் குடித்தது! 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பர்? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோப்பைக்குள் இருப்பதற்கு அரசைப் பொறுப்பாக்கிய நாட்டிலிருந்து திரும்பியவனுக்கு அந்தச் செய்தி இன்னும் கசக்கிறது.

நம் பக்கத்து மதுக்கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே மேசை உண்டோ? குழந்தை உண்டோ? மனைவி உண்டோ? பகல் முழுதும் தோட்டத்தில் உழைத்தவன் கூலியோடு நேரே செல்கிறான். நின்றவாறே, வெறும் வயிற்றில், விரைந்து மயங்குவதற்கென்றே குடிக்கிறான். வெட்கம் இருளைத் தேடுகிறது. இருள் அளவை மறக்கச் செய்கிறது. வீட்டில் அடுப்பு மூட்டக் காத்திருப்பவளுக்கு அந்த மாலையில் பங்கு இல்லை. அதன் சுமை மட்டுமே அவளுக்கு.

இதற்கு மருந்து முனிச்சைப் போலப் பீர்த் தோட்டம் வைப்பதுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் கொள்ள வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மதுவால் காயம்பட்ட சமூகம், மதுவை மேசைக்கு அழைப்பதால் நலம் பெறாது. நான் சொல்வது வேறு. முனிச்சின் மாலையை அழகாக்குவன எவையென எண்ணிப் பார்த்தேன்: மர நிழல், விளக்கு, நீண்ட மேசை, கட்டுச்சோறு, இசை, மூன்று தலைமுறை, முன்பின் அறியாதவருக்கும் இடம், முடியும் நேரம். இந்த எட்டில் எதற்கும் பீர் தேவையில்லை!

நமக்கோ அந்த எட்டும் புதியவை அல்ல. திண்ணை இருந்த வீடுகளில் மாலைதோறும் இவை இருந்தன. திண்ணையை இடித்துச் சுவர் எழுப்பினோம், முற்றத்தை மூடினோம், உள்ளே தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தன. ஆண்களுக்கு மாலையில் போய் உட்கார ஓர் இடமில்லாமற் போயிற்று. இடமில்லாதவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது ஒரே கடைதான். குடிப்பவனை மட்டும் குறை கூறும் நாம், அவனுக்கு மாலையில் வேறென்ன கொடுத்தோம் என்று கேட்டுக்கொண்டோமா?

கோயில் திருவிழா இரவுகளை நினைத்துப் பாருங்கள். கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை பத்து நாளும் வளாகம் முழுதும் விளக்கு; சிறுவர் ஓட்டம்; பலகாரக் கடை; நாடகமோ பாட்டுக் கச்சேரியோ. அந்தப் பத்து இரவுகளில் பலர் கடைப்பக்கம் போகாமலிருப்பதை வீட்டுப் பெண்கள் அறிவர். ஆண்டில் பத்து இரவுக்கு முடிவது, வாரத்தில் ஓர் இரவுக்கு முடியாதா? ஞாயிறு மாலையில் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நான்கு பெஞ்சும் ஒரு விளக்கும் போதும். ஒவ்வொரு வீடும் ஒரு தூக்குவாளியில் சுண்டலோ பணியாரமோ கொண்டு வரட்டும். பாடத் தெரிந்தவர் பாடட்டும். ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு வீடு திரும்பலாம்.

இளைஞர்க்கு ஒரு சொல்

ஐரோப்பாவுக்குப் புறப்படும் மகனே, மகளே! அந்நாட்டு மாலைகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். உடன் படிப்பவர்கள் தோட்டத்துக்கு அழைத்தால் போ. தனியே அறைக்குள் கிடந்து வாடுவதைவிட அது நல்லது. மேசையில் அமர், ரொட்டியைப் பிட்டுக்கொள், அவர்கள் மொழியில் இரண்டு சொல் பேசு, நம் ஊர்க் கதையைச் சொல். எதை அருந்துவது, எதை அருந்தாதிருப்பது என்பதை வாசலில் நுழையும் முன்பே உன் உள்ளத்தில் முடிவு செய்துகொள். குவளை எதிரில் வந்த பிறகு செய்யும் முடிவுக்கு உறுதி குறைவு. "வேண்டாம், நன்றி" என்ற சொல்லை அங்கே யாரும் இழிவாக எண்ணுவதில்லை. ஒருவேளை யாரேனும் எண்ணினால், கூச்சலிட்ட கூடத்தில் ஒற்றைக் காலோடு நின்று தன் விடையைச் சொன்ன அந்தக் குருவை நினைத்துக்கொள்.

கடைசி ரயிலின் நேரத்தை மறவாதே. உடன் வந்தவர்களில் மயங்கியவர் இருந்தால் அவரை விட்டுவிட்டு வராதே. அவர் அறைக் கதவு வரை கொண்டுபோய் விடு. தெளிந்த தலையோடு இருப்பவனுக்கு மேசையில் உரிய கடமை அது. மறுநாள் காலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, முந்தின இரவு எங்கே இருந்தாய் என்று அம்மா கேட்டால், மறைக்காமல் சொல்லும்படியாக அந்த இரவு இருக்கட்டும்.